சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

(ஜொகூரின் பண்டார் தெங்காராவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன அநீதியை எதிர்த்துச் சட்டத்தை மீறியவர்கள், அவர்களுக்காகப் பேனா பிடித்தவர்கள். இதுதான் இன்றைக்குப் பொருள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "அமெரிக்கா, மார்ட்டின் லூதர் கிங் என்று போய்விடுவீர்களா?" என்று கேட்டார். கிங் வருவார். அவருக்கு முன்னால் கிள்ளான் வருகிறது.

நம் தோட்டங்களில் மனு எழுதிக் கொடுக்கும் ஆள் என்று ஒருவர் எப்போதும் இருந்திருக்கிறார். பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி வாத்தியார். சில இடங்களில் மனசாட்சி உறுத்திய சின்னக் கிராணி. லயத்தில் தண்ணீர் வரவில்லை, ஆயாக் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது, முழுநாள் வேலைக்கு அரைநாள் கூலி போட்டுவிட்டார்கள் என்று வந்து நிற்பவர் சொல்லச் சொல்ல, இவர் அதைத் துரையின் காதுக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவார். கோபத்தை எடுத்துவிட்டுப் பணிவைச் சேர்ப்பார். மனு மேலே போகும். பதில் வராது. ஆனால் எழுதும்போது சுற்றி நின்ற ஏழெட்டுப் பேருக்கு, தங்கள் குறை என்ன என்று முதல்முறையாக வரிசையாகக் கேட்கக் கிடைத்திருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் மேல் எழுதிய முகவரி ஒன்று, அதை உண்மையில் படித்தவர் வேறொருவர். நான் பேசப்போகும் எல்லாக் கதைகளும் இந்த இடைவெளியைப் பற்றியவை.

1941-ஆம் ஆண்டுத் தொடக்கம். ஐரோப்பாவில் போர் நடக்கிறது. பிரிட்டனுக்கு அந்த நேரத்தில் அமெரிக்க டாலரைச் சம்பாதித்துக் கொடுத்தவை மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும். ரப்பருக்கு நல்ல கிராக்கி, அரிசி விலையும் ஏறுமுகம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழருக்கு நாட்கூலி 50 காசு அளவில் இருந்தது. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல். மரம் ஒன்று, கத்தி ஒன்று, பால் ஒன்று, கூலி மட்டும் இரண்டு. இந்தியாவிலிருந்து சீனிவாச சாஸ்திரி 1936 கடைசியில் வந்து பார்த்து அறிக்கை எழுதிப் போயிருந்தார். 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்துக்கே தடை போட்டுவிட்டது. அறிக்கைகளுக்கும் அரசாணைகளுக்கும் பஞ்சமில்லாத காலம்தான் அது.

அப்போது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைமையில் இருந்தவர் ஆர்.எச்.நாதன். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராக வேலை பார்த்தவர். பத்திரிகைக்காரர் என்பது இங்கே முக்கியம். எதைத் தலைப்பில் போட வேண்டும், எதை உள்ளே தள்ள வேண்டும் என்று தினமும் முடிவெடுக்கும் தொழில் அது. அந்தச் சங்கம் முன்வைத்த கோரிக்கைப் பட்டியல் வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. இந்தியருக்கும் சீனருக்கும் ஒரே கூலி வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலை ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, நோயாளிக்கு ஒழுங்கான மருத்துவம் வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் வெள்ளைக்காரர்களும், வெள்ளைக்காரர்போல நடந்துகொள்ளும் நம்மவர்களும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக விட வேண்டும். கூட்டம் போடவும் பேசவும் சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது.

இவற்றுக்கு நடுவில் இன்னொன்று. துரைமார் முன்னாலும் கிராணிமார் முன்னாலும் தொழிலாளர்கள் சைக்கிளில் போக விட வேண்டும்.

இளையவர்களுக்கு இது விளங்காமல் போகலாம். தோட்டத்துச் செம்மண் சாலையில் சைக்கிளில் வருகிறீர்கள். எதிரே துரை வருகிறார். நீங்கள் இறங்க வேண்டும். இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும், அல்லது தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவர் கடந்த பிறகு மறுபடி ஏறலாம். கையைப் பிடித்து யாரும் இறக்கிவிட மாட்டார்கள். ஆனால் இறங்காமல் போனால் மறுநாள் காலை ஆள் எடுக்கும் பெரட்டில் அதற்கான கணக்கு இருக்கும். உங்கள் காசில் வாங்கிய சைக்கிள், ஓய்வு நேரம், நடக்கிற வழி, எல்லாம் இருந்தும் இறங்க வேண்டும்.

மனு எழுதிப் பழகியவர் ஒருவரிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்திருந்தால், அவர் முதலில் அடித்திருக்கும் வரி இதுவாகத்தான் இருக்கும். "கூலி கேட்கிற இடத்தில் சைக்கிளைப் பற்றி என்னப்பா? கேட்பவன் சிரிப்பான்" என்று சொல்லியிருப்பார். நாதனும் அவர் தோழர்களும் அடிக்கவில்லை. அடிக்காததுதான் அந்தப் பட்டியலின் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைக்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். கூலி உயர்வைப் படிக்கும் அதிகாரிக்குப் பதில் தயாராக இருக்கும். ரப்பர் விலை, உற்பத்திச் செலவு, அரிசி விலை, மற்ற மாநிலங்களில் என்ன தருகிறார்கள் என்று நாலு பக்கம் எழுதலாம். பள்ளிக்கும் அப்படித்தான், மருத்துவமனைக்கும் அப்படித்தான், பணமில்லை என்றால் முடிந்தது. சைக்கிளுக்கு என்ன எழுதுவார்? ஒரு காசு செலவில்லை. உற்பத்தி குறையாது. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விதியும் கிடையாது. முடியாது என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொல்லப் போனால், எங்கள் தோலுக்கு உங்கள் தோல் கீழே நிற்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைத்தான் அவர்களால் கோப்பில் எழுத முடியாது. மற்றக் கோரிக்கைகள் எல்லாம் அநீதியின் விலையைப் பேசின. இது அநீதியையே பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு ஏப்ரலில் கூலி ஓரளவு உயர்ந்தது. மற்றக் கோரிக்கைகள் அப்படியே கிடந்தன. மே தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். அதுவரை கிள்ளானைச் சுற்றி இருந்த வேலைநிறுத்தம், அவரை விடுதலை செய் என்ற குரலோடு சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. மே நடுவில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள். இந்தியத் துருப்புகளை இறக்கினார்கள். ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலரைப் பிடித்து அடைத்தார்கள், பலரை நாடு கடத்தினார்கள். நாதனையும் இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இது நடந்து ஏழு மாதத்தில், 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் ஜப்பானியர் கரை இறங்கினார்கள். தீபகற்பத்தின் நீளத்துக்கும் அவர்களுடைய காலாட்படை பெரும்பகுதி எதில் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். சைக்கிளில். ஜனவரி கடைசியில் இந்த ஜொகூரையும் கடந்து சிங்கப்பூர்ப் பாலம் வரை மிதித்துப் போனார்கள். வழியில் எந்தத் துரையும் அவர்களை இறங்கச் சொன்னதாக வரலாறு இல்லை. அவர்கள் கொண்டுவந்த கொடுமை வேறு விதம். சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத உறவினர் பெயர் இந்த அவையில் பல குடும்பங்களில் இருக்கும். அது தனிச் சொற்பொழிவுக்கு உரியது.

அந்தப் பட்டியலை யார் படித்தார்கள்? முகவரி தோட்ட முதலாளிகளுக்கும் அரசுக்கும். அவர்கள் அதைப் படித்த விதம் நமக்குத் தெரியும்: கலகக்காரன் ஒருவன் வெளியிலிருந்து வந்து அப்பாவிக் கூலிகளைத் தூண்டிவிட்டான். இவன் பால்மரம் வெட்டுபவனா, கோணி தூக்குபவனா, பத்திரிகைக்காரனுக்கு இங்கே என்ன வேலை? இது ஒரு வாதமாகவே அரசுத் தரப்பில் நின்றது. உண்மையில் படித்தவர்கள் தொழிலாளர்கள். போர் முடிந்தபின் தொழிற்சங்கங்கள் எழுந்தபோது அதே கோரிக்கைகள் மறுபடி வந்தன. 1947-இல் கெடாவில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியபோது, கிள்ளான் பட்டியலின் ஒரு வரி நடந்து வந்ததுபோல இருந்தது. துரை குப்பையில் போட்டதைத் தொழிலாளி மனத்தில் வைத்திருந்தான்.

முப்பது ஆண்டு பின்னே போனால் இதே தமிழர்களின் இன்னொரு கூட்டத்தைத் தென்னாப்பிரிக்காவில் பார்க்கலாம். காந்தியின் கதையாக அதைச் சொல்லிச் சொல்லி, கூட நின்ற தமிழர்களை நாம் ஊர்வலப் படத்தின் ஓரத்தில் தள்ளிவிட்டோம். 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கும் இந்தியர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். ஒப்பந்தக் கூலியின் முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்பது 60 ஷில்லிங். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கட்ட முடியாதவன் மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது கப்பலேற வேண்டும். வரியின் நோக்கமே அதுதான்.

இந்த வரியை எதிர்த்து விடாமல் எழுதியவர் பி.எஸ்.அய்யர். 1908-இல் டர்பனில் 'ஆப்பிரிக்கன் கிரானிகிள்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். காந்தியையும் விட்டுவைக்காமல் விமர்சித்தவர். 1911-இல் வரி எதிர்ப்புக்கு என்றே சங்கம் வைத்தார். கூட்டம் போட்டார், கையெழுத்து வாங்கினார், மேலிடத்துக்கு மனுப் போட்டார். வரி போகவில்லை. 1913-இல் டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள், அனுமதிச் சீட்டில்லாமல் எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய் ஆட்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6 அன்று காந்தி தலைமையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்லை நோக்கி நடந்தார்கள். சிறைக்குப் போய் நோயோடு வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தாள், பதினாறு வயது. அந்த ஆண்டே வரி ரத்தானது.

அய்யரின் எழுத்து தோற்றது, பெண்களின் நடை வென்றது என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 3 பவுன் வரி கட்டாயமான ஒரு விதி என்பதைத் திருத்தி, அது ஒரு அக்கிரமம் என்று ஐந்தாண்டு காலம் அச்சில் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர்கள் இல்லாமல், சுரங்க வாசலில் நின்று ஒரு பெண் சொன்னவுடன் ஆயிரம் பேர் மண்வெட்டியைக் கீழே போட்டிருப்பார்களா? எழுத்தால் அரசாங்கத்தை அசைக்க முடியவில்லை. ஆனால் வேலை நிறுத்தப்போகிறவனுக்கு அவன் வாயில் வைக்க ஒரு வாக்கியத்தை அது கொடுத்தது.

இப்போது கிங். 1963 ஏப்ரல், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரம். இனப் பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் போகக்கூடாது என்று நீதிமன்றத் தடை. மீறிப் போனார், புனித வெள்ளியன்று கைதானார். அதே நாளில் எட்டு வெள்ளை மதகுருமார்கள், ஏழு கிறிஸ்தவரும் ஒரு யூத ரபியும், நகரத்துப் பத்திரிகையில் அறிக்கை விட்டிருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை அவர்கள். உங்கள் குறை நியாயம்தான், ஆனால் தெருவுக்கு வராதீர்கள், நீதிமன்றத்தை நம்புங்கள், பொறுத்திருங்கள், வெளியூர்க்காரர்கள் வந்து தூண்ட வேண்டாம் என்கிற மாதிரியான அறிக்கை. சிறைக்குள் வந்த பத்திரிகையின் ஓரங்களில் கிங் பதில் எழுதத் தொடங்கினார். கிடைத்த துண்டுத் தாள்களில் தொடர்ந்தார். வழக்கறிஞர்கள் வெளியே கொண்டுபோய்த் தட்டச்சு செய்தார்கள். ஏப்ரல் 16 தேதியிட்ட அந்தக் கடிதம்தான் இன்று உலகம் முழுக்கக் கல்லூரிகளில் வாதாடும் எழுத்துக்குப் பாடமாக வைக்கப்படுகிறது.

அதில் கவனிக்க வேண்டியது கிங் எதிரியாக யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பது. நாயை ஏவிய காவல் ஆணையரை அல்ல. முகமூடிக் கும்பலையும் அல்ல. நடுவில் நிற்கும் நல்லவரை எடுத்துக்கொண்டார். நியாயம் உன் பக்கம், நேரம் மட்டும் சரியில்லை என்று சொல்லுகிறவரை. அவரோடு மரியாதை குறையாமல், அவருக்குத் தெரிந்த வேதத்தையும் தத்துவத்தையும் வைத்தே வாதாடினார். எட்டுப் பேரில் சிலருக்கு, தாங்கள் வரலாற்றில் வில்லன்களாகிப் போனோமே என்ற மனத்தாங்கல் கடைசிவரை இருந்தது. அவர்கள் மனம் மாறினார்களா என்பது இரண்டாம் பட்சம். கடிதத்தை ஞாயிறு காலை தேவாலயம் போய்விட்டு வந்த லட்சக்கணக்கான மற்றவர்கள் படித்தார்கள். படிப்பதற்குக் காரணமும் இருந்தது. மே மாதம் பள்ளிப் பிள்ளைகள் பர்மிங்ஹாம் தெருவில் இறங்கியபோது அவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சியதையும் நாயை ஏவியதையும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் கடிதம் ஒரு நல்ல பிரசங்கமாகவே நின்றிருக்கும். அடுத்த ஆண்டு ஜூலையில் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. கிங் எடுத்துக்கொண்ட வழிக்கு மூத்தவர் அமெரிக்க எழுத்தாளர் தோரோ. வரி கட்ட மறுத்து 1846-இல் ஒரே ஒரு இரவு சிறையில் இருந்தவர். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1849-இல் அச்சானது. அதற்கு முந்தைய ஆண்டு அதைத் தன் ஊர்ச் சபையில், இப்படி ஊர்க்காரர்கள் முன்னால் நின்று, சொற்பொழிவாகத்தான் பேசினார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தூங்கினார்கள் என்ற குறிப்பு என் கண்ணில் படவில்லை. அறக்கட்டளைச் சொற்பொழிவாளர்களுக்கு அது ஓர் ஆறுதல்.

நம் காலத்துக்கு வருகிறேன். 2007. இந்த அவையில் பாதிப்பேருக்கு அது நினைவு, மீதிப்பேருக்கு அது கேள்விப்பட்ட கதை. தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புத் திட்டங்களாகி, லயங்கள் இடிந்து, பால்மரம் வெட்டத் தெரிந்தவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவலாளியாகிப் போன முப்பது ஆண்டுகள் அதற்குப் பின்னால் இருந்தன. அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் இருக்க, ஷா ஆலம் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். இந்து உரிமை நடவடிக்கைக் குழுவான ஹிண்ட்ராஃப் ஏற்கெனவே ஆகஸ்டில் புத்ராஜெயாவுக்குப் போய்ப் பிரதமர் அலுவலகத்தில் 18 கோரிக்கைகள் கொடுத்திருந்தது. ஆகஸ்ட் 30 அன்று, சுதந்திரப் பொன்விழாவுக்கு முதல் நாள், அதன் தலைவர்களில் ஒருவரான பி.வேதமூர்த்தி லண்டனில் பிரிட்டிஷ் அரசுமேல் வழக்குப் போட்டார். எங்களைக் கொண்டுவந்தவர்கள் நீங்கள், பாதுகாப்பில்லாமல் விட்டுப் போனவர்களும் நீங்கள் என்பது வாதம். கேட்ட இழப்பீடு 4 டிரில்லியன் அமெரிக்க டாலர். அந்த வழக்கை நடத்த வழக்கறிஞர் ஒருவரை நியமித்துத் தரும்படி பிரிட்டிஷ் அரசியாருக்கு மனு. லட்சம் பேரின் கையெழுத்தோடு அதைக் கோலாலம்பூர் பிரிட்டிஷ் தூதரகத்தில் கொடுப்பதற்காகத்தான் நவம்பர் 25 ஊர்வலம்.

அனுமதி கிடைக்கவில்லை. போலீசார் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணையும் வாங்கிவிட்டார்கள். சாலைகளில் தடுப்புப் போட்டார்கள். முதல்நாள் இரவே பத்துமலையில் கூடியவர்கள்மேல் விடியற்காலையில் தண்ணீரும் கண்ணீர்ப்புகையும். அப்படியும் பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள் நகரத்துக்குள் வந்துவிட்டார்கள். கையில் காந்தி படம். ஊர்வலத்தால் மனுவைத் தூதரகத்துக்குள் கொண்டுபோக முடியவில்லை. பின்னால் அரசியாரிடமிருந்து வழக்கறிஞர் யாரும் வரவும் இல்லை.

முகவரியில் இருந்தவரிடமிருந்து அந்த மனுவுக்குப் பதிலே இல்லை என்றால், அதைப் படித்தது யார்? டிசம்பர் 13 அன்று ஹிண்ட்ராஃப் தலைவர்களான உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஐந்து பேரையும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றிக் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். 2008 பிப்ரவரி 16 அன்று ஹிண்ட்ராஃப் ஆதரவாளர்கள் சிறுபிள்ளைகள் கையில் ரோஜாப் பூக்களைக் கொடுத்துப் பிரதமரைப் பார்க்கக் கிளம்பினார்கள். அதற்கும் கண்ணீர்ப்புகை. மார்ச் 8 தேர்தலில் ஆளும் தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அந்த முன்னணியின் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். மனோகரன் கமுந்திங்கில் இருந்துகொண்டே கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். அந்தத் தொகுதி எங்கே இருக்கிறது தெரியுமா? கிள்ளானில்.

அரசியாருக்கு எழுதிய மனுவைப் படித்தவர்கள், முந்தைய தேர்தல்களில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒரே சின்னத்தில் போட்ட தமிழ் வாக்காளர்கள். லயத்தில் வாத்தியார் எழுதும்போது சுற்றி நின்ற அதே ஆட்கள்.

இதுவரை பாராட்டிவிட்டேன். ஒரு குறையையும் சொல்ல வேண்டும், பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நவம்பர் 15 தேதியிட்டு உதயகுமார் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இன ஒழிப்பு என்ற அளவுக்குக் கனமான குற்றச்சாட்டு அதில் இருந்தது. அந்தக் கடிதத்துக்காகத் தேசநிந்தனைச் சட்டத்தில் அவர்மேல் வழக்கு. 2013 ஜூனில் 30 மாதச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்து 2014-இல் வெளியே வந்தார். ஒரு கடிதம் எழுதியதற்காக ஒருவரைச் சிறையில் வைப்பது எந்த நாட்டுக்கும் பெருமை தராது. அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் எழுத்து என்ற முறையில் அந்தக் கடிதத்தைக் கிள்ளான் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிள்ளான் பட்டியல் சைக்கிளைப் பேசியது. இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிரவுன் கடிதம் எடுத்த சொல் பெரிய சொல். அந்தச் சொல்லை மறுப்பது எதிர்த் தரப்புக்குச் சுலபமாகிவிட்டது. சொல்லை மறுத்த கையோடு, இடிந்த கோயிலையும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையையும் லாக்கப்பில் செத்தவனையும் சேர்த்தே தள்ளிவிட்டார்கள். 4 டிரில்லியன் என்ற எண்ணும் அதே வேலையைத்தான் செய்தது. ஐம்பது காசுக்கு முன்னால் அது வாயடைக்கும் தொகையாகத் தெரியலாம், ஆனால் துரையின் வாயை அடைத்தது ஒரு காசும் செலவாகாத சைக்கிள்தான்.

இன்னொன்று. அன்றைய எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் லண்டனுக்குப் போயிற்று, தமிழில் நம்மவர்களிடம் போயிற்று. பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கு, அவர் மொழியில், அவருக்குத் தெரிந்த அறத்தை வைத்து, மரியாதையாக, நீளமாக வாதாடிய எழுத்து எவ்வளவு வந்தது? கிங்கின் எட்டு மதகுருமார்களுக்குச் சமமானவர் இங்கே லண்டனில் இல்லை, புத்ராஜெயாவிலும் இல்லை. உங்கள் குறை நியாயம்தான், ஆனால் ஏன் தெருவுக்கு வந்தீர்கள் என்று அன்று காப்பிக்கடையில் கேட்ட அந்த நல்ல மனிதர்தான் அவர். அவருக்கு நாம் பதில் எழுதவில்லை. அரசின் ஃபெல்டா நிலக் குடியேற்றங்கள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிலம் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் நடுவில் இங்கே ஒரு சாலைதான் இருக்கிறது. அந்தச் சாலையைக் கடக்கிற எழுத்தை நம் பிள்ளைகளால் எழுத முடியும். எங்களைவிட அவர்களுடைய மலாய் நன்றாகவே இருக்கிறது.

கடைசியாக, இந்தச் செம்பனைக் காட்டுக்குள் வருகிறேன். இன்று இங்கே குலை வெட்டுகிறவர் யார்? வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளி, கொஞ்சம் இந்தியர். நம் தாத்தாக்களைப் போலவே கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி வந்தவர்கள். ஒருவர் கடவுச்சீட்டை இன்னொருவர் பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2020 செப்டம்பர் 30 அன்று அமெரிக்கச் சுங்கத்துறை, ஃபெல்டாவோடு தொடர்புள்ள எஃப்.ஜி.வி. நிறுவனத்தின் பாமாயிலைத் தன் துறைமுகங்களில் நிறுத்திவைக்க உத்தரவு போட்டது. கடன் பிணைப்பு, சம்பளத்தைப் பிடித்துவைத்தல், அடையாளப் பத்திரங்களைப் பறித்துவைத்தல் போன்ற கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காரணமாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷனுக்கும் அதே உத்தரவு. எஃப்.ஜி.வி. விஷயத்தில் தொழிலாளர் உரிமை அமைப்புகள் முந்தைய ஆண்டே ஒரு மனு கொடுத்திருந்தன. மனுவின் முகவரி வாஷிங்டன். அக்கறையோடு படித்தது கோலாலம்பூரில் இருக்கும் இயக்குநர் குழு. கப்பலில் எண்ணெய் நின்றால் மனு நன்றாகப் படிக்க வருகிறது. நிறுவனங்கள் தங்கள் முறைகளை மாற்றப்போவதாக அறிவித்தன.

1941 பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், அதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வெள்ளைத் துரைகள் மட்டும் இல்லை. கிராணிமாரும் இருந்தார்கள், நம்மிலிருந்து போன மேலாட்களும் இருந்தார்கள். சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருந்தது அவர்கள் முன்னாலும்தான். இன்று ஏதோ ஒரு குடியிருப்பில், இரவு கைப்பேசி வெளிச்சத்தில், ஒரு வங்காளதேசத்துப் பையன் அப்படி ஒரு பட்டியல் எழுதினால், மண்டோர் (மேலாள்) என்ற இடத்தில் அவன் எழுதும் பெயர் தமிழ்ப் பெயராக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

இதை மறுத்துப் பேச நினைப்பவர்கள் இருப்பீர்கள். கேள்வி நேரத்தில் அவர்களே முதலில் பேசும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.